முட்டை அட்டையில் வாக்கெடுப்பு

கானாடுகாத்தான். ஜனவரி.
பதினோரு அறைக்கும் ஆள் வந்துவிட்டதால்
சமையற்கட்டில் எங்களுக்கு
இரவு பத்தரைக்குத்தான் சோறு.
அப்போதுதான் கிளப்பினான் சேவுகன்,
ரயிலடியிலிருந்து விருந்தாளிகளை ஏற்றி வருபவன்:
'காதுக்கு எந்தப் பாஷைங்க காதல் பாஷை?
நமக்குப் புரியாததா இருக்கணும்.
புரிஞ்சா போச்சு.'

காலி முட்டை அட்டை ஒன்று,
ஒரு பாஷைக்கு ஒரு வரிசை,
ஆளுக்கொரு புளியங்கொட்டை.

பிரெஞ்சுக்கு ஐந்து விழுந்தது.
மூன்றாம் அறைத் தம்பதி பேசினால்
உதட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது சொல்,
பணியாரக் குழியில் எண்ணெய் சுற்றுகிற மாதிரி
என்றாள் ராக்கு.
இத்தாலிக்கு மூன்று; அதில் ஒன்று
சேவுகன் இரண்டாம் தடவை போட்டது.
பாத்திரம் கழுவும் அடைக்கலம் ஜப்பானுக்குப் போட்டார்.
ஏன் என்றால், 'மெதுவாப் பேசுறாக.'
அவ்வளவுதான் சொன்னார்.
ஜெர்மனிக்கு ஒருவரும் இல்லை.
இரும்புப் பீரோவை இழுக்கிற சத்தம்,
ஆத்தங்குடிக் கல் கீறிப் போகும் என்றார்கள்.

நான் வரவேற்பு மேசைக்காரி.
பாண்டிச்சேரி வழிகாட்டி அந்தோணி
அன்று மாலைதான் என்னிடம் சொல்லியிருந்தான்:
மூன்றாம் அறையில் இரண்டு நாளாக நடப்பது
வீட்டை விற்றால் நாய் யாருக்கு என்ற பேச்சு.
ராக்குவிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
ரசத்தைக் கேட்டேன்.

ஏழாம் அறை இத்தாலிக்காரி ஒருநாள்
என் மேசையில் முழங்கை ஊன்றி
நான் போன் பேசி முடிக்கும்வரை நின்றிருந்தாள்.
கண் கலங்காத குறை.
'அவரிடமா?' என்றாள், நெஞ்சில் கை வைத்து.
'ழ' வந்த இடமெல்லாம் இனித்ததாம்.
(எங்கள் பேச்சில் அது 'ள'தான். யார் சொல்வது?)
நான் பேசியது தண்ணீர் லாரிக்காரரிடம்:
'கிழக்கால வாங்க, கீழ மண்ணு குழைஞ்சு கெடக்கு,
ஏழு மணி தாண்டுனா வேற ஆளப் பாத்துக்குவேன்.'
ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன்.
விருந்தினர் மகிழ்ச்சியே எங்கள் முதல் விதி.

'உங்க ஓட்டு?' என்றான் சேவுகன்.

என் வீட்டுக்காரர் போலந்தில் இருக்கிறார்.
மீன் உறையவைக்கும் கிடங்கு, மைனஸ் இருபது.
போன வாரம் கேட்டேன்,
அந்த ஊர்ப் பேச்சில் ஒரு வரி சொல்லுங்களேன்.
தயங்கினார். பின்னால் ஏதோ மிஷின் உறுமியது.
'ப்ரோஷே ஸமிகாச் ஜ்வி' என்றார்.
எனக்குக் கேட்டது 'சமைச்சாச்சா' என்று.
'சமைச்சாச்சு' என்றேன்,
'கும்மாயம் கிண்டினேன், ஒரு ஆளுக்கு.'
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு சிரிப்பு, மூக்கடைத்த சிரிப்பு.
அவருக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியமாம்.
கிடங்கு வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறதாம்:
தயவுசெய்து கதவைச் சாத்தவும்.

பதிவு செய்து அனுப்பச் சொன்னேன்.
பதினோரு வினாடி வந்தது.
மூன்று வினாடி வாக்கியம்.
மீதி மூச்சு.

கடைசி வரிசையில் கொட்டையைப் போட்டேன்.
'இது யாரோட வரிசை?'
போலந்து.
'அப்படி யாருமே வரலையே இங்க!
ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்.'
சொல்லவில்லை.

இலையெடுத்து எல்லோரும் போன பிறகு
மூன்று கட்டும் தாண்டி முன்வாசலுக்கு நடந்தேன்.
பர்மாத் தேக்குக் கதவு,
தோளைக் கொடுத்தால்தான் அசையும்.
கொண்டி விழுவதற்குள்
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூன்றாம் அறையில் இன்னும் விளக்கு.
நாயைப் பற்றித்தான் இருக்கும்.
கேட்க அழகாகத்தான் இருந்தது.